கோவில் இல்லாத சபைகள்: கண்டி இராச்சியத்தில் யோசவ் வாஸ் அடிகளார் (1692–1711)

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1656ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்பையும், 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய பின்னர், இலங்கைக் கரையோரத்துக் கத்தோலிக்கரின் வழிபாடு ஆலயத்திலிருந்து வீட்டுக்குள் ஒடுங்கியது. பழைய கோவில்களில் பல, ஒல்லாந்தர் பின்பற்றிய சீர்திருத்தச் சபையின் பிரசங்க மண்டபங்களாக மாறின, குருமார் நாடுகடத்தப்பட்டனர், 1658 செப்டெம்பர் 19ஆம் திகதி வெளியான பிளக்காத்து, அதாவது அரசின் பெயரால் பொது இடங்களில் பறையறைந்து வாசிக்கப்படும் கட்டளை, கத்தோலிக்கக் குரு ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கும் அவரை மறைத்து வைப்பவருக்கும் மரண தண்டனை என்று அறிவித்தது. இந்தக் கட்டளையின் நிழலில்தான், பின்னாளில் கண்டி மலைநாடுவரை பரவிய வீட்டுச் சபைகளின் வரலாறு தொடங்குகிறது. வீட்டுச் சபை என்று இங்கே குறிக்கப்படுவது, அர்ச்சிக்கப்பட்ட கட்டடமோ நிலையாகத் தங்கும் குருவோ இல்லாமல், ஓர் ஊரின் சில குடும்பங்கள் தம்முள் ஒருவர் வீட்டில் கூடி, தம்முள் மூத்த ஒருவரின் பொறுப்பில், செபத்தையும் மறைக்கல்வியையும் நடத்திவந்த சிறு குழுவாகும்.

கரையோரத்தில் இந்தக் குழுக்கள் ஒரு வகை இரட்டை வாழ்வை வாழ வேண்டியிருந்தது. ஒல்லாந்தரின் சட்டத்தில் திருமணம் செல்லுபடியாவதற்கும், பிள்ளைக்குச் சொத்துரிமை கிடைப்பதற்கும், அரச உத்தியோகம் ஒன்று கைகூடுவதற்கும் சீர்திருத்தச் சபைப் போதகரின் கையால் பெற்ற ஞானஸ்நானமும், தோம்பு எனப்படும் பதிவேட்டில் ஏறிய பெயரும் அவசியமாயிருந்தன. ஆதலால் பதிவேட்டின்படி சீர்திருத்தச் சபையினராயிருந்த பலர், கதவைச் சாத்திய பிறகு செபமாலை சொல்லும் கத்தோலிக்கராக இருந்தனர். இதனை வேடம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் நிலத்தையும் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் இழக்காமல் நம்பிக்கையையும் விடாமல் காக்க முயன்ற குடியானவருக்கு வேறு வழி திறந்திருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஏறத்தாழ 30 ஆண்டுகள் அவர்களிடையே முறையாகப் பணியாற்றக் குருவானவர் எவரும் இருக்கவில்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லை, திருப்பலி இல்லை, எஞ்சியிருந்தவை, மனப்பாடமாகத் தெரிந்த செபங்களும், பெட்டிக்குள் ஒளித்து வைக்கப்பட்ட சுரூபங்களும், அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த தாய்மாரும்தான்.

மலைநாட்டின் நிலை வேறுவகையானது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன், போர்த்துக்கேயரை வெளியேற்ற ஒல்லாந்தரைத் துணைக்கு அழைத்து, பின்னர் அவர்களோடும் பகை கொண்டவன். கொழும்பு வீழ்ந்தபின் ஒல்லாந்தருக்கு அஞ்சி ஓடிவந்த போர்த்துக்கேயருக்கும் அவர்கள் வழிவந்த கலப்பினத்தவருக்கும் தன் இராச்சியத்தில் புகலிடம் கொடுத்தான். ருவன்வெல்லைப் பகுதியில் இத்தகைய குடும்பங்கள் பல குடியேறின. வேறு சிலர் அரச சேவையில் படைவீரராகவும் கைவினைஞராகவும் தலைநகரில் தங்கினர். மாத்தளைக்கு வடமேற்கே, கலேவெலைக்கு அருகிலுள்ள வஹகோட்டைக் கிராமத்தின் கத்தோலிக்கரும் கண்டி அரசனிடம் வந்துசேர்ந்த போர்த்துக்கேயப் படைவீரரின் வழித்தோன்றல்களாகவே தம்மைக் கருதி வந்துள்ளனர். இவர்களைக் கண்டி அரசு அந்நியராக நடத்தியதே தவிர, மதத்தின் பெயரால் வருத்தவில்லை.

அந்தக் காலத்துக் கண்டியில் கிறிஸ்தவர் ஒருவர் தனித்து வாழ்வது எப்படியிருந்தது என்பதை, 1660 முதல் 1679 வரை அங்கே சிறைக்கைதியாக இருந்த ஆங்கிலேயன் ரொபட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூல் காட்டுகிறது. நொக்ஸ் புரட்டஸ்தாந்துக்காரன், கத்தோலிக்கரோடு அவனுக்கு ஒட்டுறவு குறைவு. எனினும் அவனும் அவனுடைய தோழர்களும் கிராமத்துக்கு ஒருவராகச் சிதறடிக்கப்பட்டு, வேதாகமம் இல்லாமலேயே செபித்து வந்தனர். போர்த்துக்கேயர் கொழும்பை விட்ட நாளில் தனக்குக் கிடைத்த ஆங்கில வேதாகமம் ஒன்றை வைத்திருந்த முதியவர் ஒருவரைச் சந்தித்தபோது, நொக்ஸ் தன் கையால் பின்னிய தொப்பி ஒன்றைக் கொடுத்து அதனைப் பெற்றுக்கொண்டான். வாசிக்கத் தெரியாத ஒருவரின் வீட்டில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த நூல், ஒரு தொப்பியின் விலைக்குக் கைமாறி, தனிமையில் வாடிய ஒரு மனிதனின் வீட்டையே வழிபாட்டிடமாக்கியது. அதே நூலில், தலைநகரில் வாழ்ந்த வெர்கோன்ஸ் என்ற முதிய யேசுசபைக் குருவைப் பற்றியும் குறிப்பு உண்டு. 1690களை எட்டியபோது அத்தகைய குரு ஒருவரும் கண்டியில் எஞ்சியிருக்கவில்லை. கரையோரத்தில் தடையால் நேர்ந்த வெறுமை, மலைநாட்டில் ஆளின்மையால் நேர்ந்திருந்தது.

இந்த வெறுமையை நிரப்ப வந்தவர் ஐரோப்பியர் அல்லர் என்பது இத்தொடரின் வாசகர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது. கோவாவின் பெனோலிம் ஊரில் கொங்கணிக் குடும்பம் ஒன்றில் 1651 ஏப்ரல் 21ஆம் திகதி பிறந்த யோசவ் வாஸ், கோவாவில் இந்தியக் குருமாரே ஒன்றுகூடி அமைத்துக்கொண்ட ஒறற்றோரியன் சபையின் தொடக்ககால உறுப்பினர். ஒறற்றோரியன் சபை என்பது, உரோமையில் புனித பிலிப்பு நேரி தொடங்கிய முறையைப் பின்பற்றி, ஒரு வீட்டில் கூடி வாழ்ந்து செபத்திலும் பணியிலும் ஈடுபடும் குருக்களின் அமைப்பு. ஐரோப்பியத் துறவுச் சபைகள் இந்தியரைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கிய காலத்தில் இந்தியக் குருக்கள் தமக்கென அமைத்துக்கொண்ட இச்சபையே, அடுத்த ஒன்றரை நூற்றாண்டு காலம் இலங்கைக் கத்தோலிக்கரைத் தாங்கி நின்றது. ஐரோப்பிய முகம் ஒன்று தென்பட்டாலே ஒல்லாந்தக் காவலர் விழித்துக்கொள்ளும் நாட்டில், கருத்த மேனியும் வெறுங்காலும் கந்தலாடையும் கொண்ட இந்தியர் ஒருவர் கூலியாளாகவோ பிச்சைக்காரராகவோ கூட்டத்தோடு கலந்துவிடலாம் என்பதையும் அச்சபையார் அறிந்திருந்தனர்.

வாஸ் அடிகளார் யோவான் என்ற துணையாளோடு தூத்துக்குடிப் பக்கமிருந்து கடல் கடந்து 1687இல் யாழ்ப்பாணத்தை அடைந்தார். நோயினால் நலிந்து, பிச்சை எடுத்து, கழுத்தில் செபமாலையை அணிந்தபடி வீடு வீடாகச் சென்றார். எந்த வீட்டாரின் கண் அந்த மாலையில் நின்றதோ அந்த வீட்டில் கத்தோலிக்கர் இருக்கலாம் என்று உய்த்தறிந்தார். சில்லாலைக் கிராமம் அவருடைய மறைவிடமாயிற்று. இரண்டு ஆண்டுகளின் பின் ஒல்லாந்தரின் தேடுதல் கடுமையாகி, கத்தோலிக்கர் பலர் கைதாகித் தண்டிக்கப்பட்டபோது, தம்மால் மற்றவர்கள் துன்புறுவதைத் தவிர்க்கவும் பணியைத் தொடரவும், அப்போது கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்டிருந்த புத்தளத்துக்கு அவர் 1690இல் நகர்ந்தார். யாழ்ப்பாணத்தில் கற்ற தமிழ் புத்தளத்திலும் கைகொடுத்தது. அங்கிருந்தே கண்டித் தலைநகரை நோக்கிய பயணம் திட்டமிடப்பட்டது.

கண்டிக்குள் நுழைவது எளிதான செயலன்று. மலைகளுக்கிடையிலுள்ள ஒவ்வொரு கணவாயிலும் முட்கிளைகளைப் பின்னிச் செய்த படல்களும், அவற்றை ஏற்றி இறக்கும் காவலரும் இருந்தனர். சிங்களத்தில் கடவத்த எனப்படும் இந்த வாயில்களைத் தாண்டுபவர், களிமண்ணில் முத்திரை பதித்த அனுமதியைக் காட்ட வேண்டும் என்று நொக்ஸ் எழுதியுள்ளான். களிமண் முத்திரை வழிப்போக்கனின் தகுதியைச் சொல்லும். ஒருவன் படைவீரனா, சுமைகாவுபவனா, அரச வேலையாளா என்பதை அதிலுள்ள உருவத்தைப் பார்த்தே காவலன் அறிந்துகொள்வான். வாஸ் அடிகளார் ஒரு வணிகரின் உதவியோடு பயணத்தை மேற்கொண்டபோதிலும், 1692இல் தலைநகரை நெருங்கும்போது தடுத்து நிறுத்தப்பட்டார். அப்போது ஆண்ட அரசன் இரண்டாம் விமலதர்மசூரியனிடம் அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று சொன்னவர் லனரோல் என்ற பிரெஞ்சுக்காரர். 1672இல் பிரெஞ்சுக் கடற்படையின் தூதராக வந்து கண்டியில் தடுத்துவைக்கப்பட்டு, பின்னர் அரசவையில் செல்வாக்குப் பெற்றவர். பிரெஞ்சுப் புரட்டஸ்தாந்தர்களான ஹியூகனோத்துகளைச் சேர்ந்தவர். தாயகத்தில் கத்தோலிக்க அரசால் தம் மதத்தவர் ஒடுக்கப்பட்டதை அறிந்திருந்த ஒருவர், கத்தோலிக்கக் குரு ஒருவரைக் கண்டதும் ஐயுற்றதில் வியப்பில்லை. ஐரோப்பாவின் மதப் போர்களின் வடு, கண்டி மலைகளுக்குள்ளும் வந்து ஒரு சிறைக்கதவைப் பூட்டியது.

அந்தச் சிறைவாசத்தில்தான் கண்டியின் முதல் வீட்டுச் சபை உருப்பெற்றது என்று கொள்வது பொருந்தும். முதலில் காவல் கடுமையாயிருந்தது. கைதி ஒற்றருக்குரிய எதையும் செய்யாமல், செபிப்பதிலும் மொழி கற்பதிலும் காலம் கழிப்பதைக் கண்ட காவலர் மெல்லத் தளர்ந்தனர். சிங்களத்தை அவர் அங்கே கற்றார். பின்னாளில் சிங்களத்திலும் தமிழிலும் செபங்களைத் தொகுக்க இந்தக் கட்டாய ஓய்வே வாய்ப்பளித்தது. சிறை முற்றத்தில் ஓலையால் வேய்ந்த சிறு குடில் ஒன்றை அமைக்க அவர் அனுமதி பெற்றார். அதனுள்ளே மேசை ஒன்று பீடமாயிற்று. குரு ஒருவர் நகரில் இருக்கிறார் என்ற செய்தி பரவியதும், தலைநகரிலிருந்த கத்தோலிக்கர் ஒருவர் பின் ஒருவராகக் காவலருக்குத் தெரிந்தும் தெரியாமலும் அங்கே வரத் தொடங்கினர். குருவைத் தேடி மக்கள் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. சிறையோ மெல்ல மெல்லக் கோவிலாயிற்று.

காவல் தளர்ந்து நகரில் நடமாடும் உரிமை கிடைத்தபின் பணியின் போக்கு மாறியது. குரு வீடுகளுக்குப் போனார். ஒல்லாந்தரின் எல்லைக்குட்பட்ட ஊர்களில் இது இரவில்தான் நடந்தது: ஊருக்கு வெளியே காட்டோரத்தில் ஒருவர் காத்திருந்து குருவை அழைத்துவருவார்; எந்த வீடு என்பது மாலையில்தான் ஒருவர் வாய் ஒருவராகப் பரவும்; முன்னிரவில் நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் பாவசங்கீர்த்தனம்; நள்ளிரவுக்குப் பின் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம், வீட்டளவில் நின்றிருந்த திருமணங்களுக்கு ஆசீர்; விடியுமுன் திருப்பலி; சேவல் கூவும்போது குரு அடுத்த ஊருக்குப் புறப்பட்டிருப்பார். மலைநாட்டில் இரவு தேவைப்படவில்லை, பகலிலேயே கூடலாம். ஆனால் தொலைவு இரவைவிடப் பெரிய தடையாயிருந்தது. கண்டியிலிருந்து புத்தளம், மாந்தை, வன்னி, திருகோணமலை, மட்டக்களப்பு எனக் கால்நடையாகச் சுற்றிவரும் ஒருவர், ஒரே ஊருக்கு மீண்டும் வர மாதங்கள் பல ஆகும். திருப்பலிக்கு வேண்டிய கோதுமை மாவும் திராட்சை இரசமும் மலைநாட்டில் விளையாத பொருள்கள். அவை கோவாவிலிருந்து கடல்வழி வந்து, சுமைகாவுபவரின் பொதிக்குள் மலையேற வேண்டியிருந்தது. இரசம் தீர்ந்தால் திருப்பலியும் தீர்ந்தது.

ஆகவே கேள்வி, குரு வரும் நாளைப் பற்றியதன்று. அவர் வராத மாதங்களைப் பற்றியது. வாஸ் அடிகளாரின் உண்மையான ஆற்றல் இங்கேதான் வெளிப்படுகிறது. போர்த்துக்கேயர் காலத்திலிருந்தே தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் அறியப்பட்டிருந்த பொறுப்புகளை அவர் எடுத்து, சீர்செய்து, குருவில்லாத காலத்தைத் தாங்கும் அளவுக்கு உறுதியாக்கினார். ஊரின் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் தலைமை தாங்கி, பிணக்குகளைத் தீர்த்து, குருவின் வரவை ஒழுங்குசெய்தவர் மூப்பர். ஞாயிறு தோறும் ஒரு வீட்டில் மக்களைக் கூட்டி, செபமாலையையும் மன்றாட்டுகளையும் முன்னின்று சொல்லி, பிள்ளைகளுக்கு மறைக்கல்வியைப் போதித்து, ஞான நூல்களை வாசித்துக் கேட்பித்தவர் அண்ணாவியார். பூசைப் பாத்திரங்களையும் சுரூபங்களையும் காத்து, தேடுதல் வந்தால் அவற்றை மறைத்தவர் இன்னொருவர். குழந்தை சாகுந் தறுவாயில் இருந்தால் ஞானஸ்நானம் கொடுக்கவும், சாகும் நிலையிலிருந்தவரின் அருகில் அமர்ந்து மனஸ்தாப செபம் சொல்லவும், இறந்தவரைக் கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்யவும் இவர்களே பழக்கப்பட்டிருந்தனர். பொதுநிலையினர், அதாவது குருப்பட்டம் பெறாத சாதாரண விசுவாசிகள், குருவுக்குரிய சிலவற்றைத் தவிர மற்ற அனைத்தையும் செய்யக் கற்றிருந்த சபை இது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இன்று அன்பியம் என்ற பெயரில் அண்டைக் குடும்பங்கள் வீடுகளில் கூடும் முறையை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு புதிதாகத் தோன்றாது. வேறுபாடு என்னவெனில், இன்றைய அன்பியத்துக்குப் பின்னால் ஒரு பங்கு ஆலயம் உண்டு, அன்றைய வீட்டுக்குப் பின்னால் எதுவும் இல்லை.

இதே நூற்றாண்டில் உலகின் மற்றொரு முனையில், யப்பானில், கிறிஸ்தவம் தடைசெய்யப்பட்டுக் குருமார் ஒழிக்கப்பட்டபின் நாகசாகியைச் சூழ்ந்த மீனவ, உழவர் கிராமங்கள் தாமாகவே ஞானஸ்நானம் கொடுப்பவரையும் திருநாட்களைக் கணிப்பவரையும் தெரிந்துகொண்டு தலைமுறை தலைமுறையாக மறைவில் வாழ்ந்தன. 1865இல் பிரெஞ்சுக் குரு ஒருவரிடம் அவர்கள் தம்மை வெளிப்படுத்தியபோது இரு நூற்றாண்டுக்கு மேல் கடந்திருந்தது. அங்கே வாஸ் போன்ற ஒருவர் போய்வந்து பணியாற்ற வழியிருக்கவில்லை.  இலங்கையில் அவரால் போகவும் திரும்பவும் மீண்டும் போகவும் முடிந்ததற்கு முக்கிய காரணம், ஒல்லாந்தரின் கரையோரத்துக்கு நடுவே, அவர்களுக்குப் பணியாத ஒரு பௌத்த அரசனின் மலைநாடு இருந்தமைதான்.

அந்த அரசன் இரண்டாம் விமலதர்மசூரியன். 1687 முதல் 1707 வரை ஆண்ட அவன் மத அக்கறையற்றவன் அல்லன். தலதா மாளிகையை மூன்று மாடிகளாகக் கட்டுவித்தவன். இலங்கையில் முழுத் துறவுநிலை பெற்ற பிக்குகள் அருகிப்போனதைக் கண்டு அரக்கான் நாட்டுக்குத் தூதனுப்பி, அங்கிருந்து வந்த பிக்குகளைக் கொண்டு 1697இல் கண்டிக்கு அருகே மகாவலி கங்கைக்கரையிலுள்ள கெட்டம்பேயில் உபசம்பதா எனப்படும் உயர் துறவுச் சடங்கை நடத்துவித்தவன். வரட்சி ஒன்றின்போது வாஸ் அடிகளார் வெளியில் பீடம் அமைத்துச் செபிக்க மழை பொழிந்தது என்றும், அதன்பின்னரே அரசன் அவருக்கு இராச்சியம் முழுவதும் போதிக்கும் சுதந்திரம் அளித்தான் என்றும் கத்தோலிக்க மரபு சொல்கிறது. 1745இல் லிஸ்பனில் வெளியான செபஸ்தியான் தோ றேகோவின் வரலாற்று நூலும் அதனை விரிவாக எழுதுகிறது. அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் வாசகரின் விருப்பம். தன் மதத்தைப் புதுப்பிப்பதில் இத்தனை ஊக்கம் காட்டிய மன்னன், மற்றொரு மதத்தின் துறவியைத் தன் நகரில் வாழவிட்டான் என்பதே போற்றுதற்குரியது. இலங்கையின் மத வரலாற்றை மோதல்களின் பட்டியலாக மட்டும் எழுதுவோர் இந்த ஆட்சியை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

கெட்டம்பேயில் உபசம்பதா நடந்த அதே 1697ஆம் ஆண்டில் கண்டியில் பெரியம்மை பரவியது. அரசனும் பிரதானிகளும் நகரை விட்டு அகன்றனர். அம்மை கண்டவரைக் காட்டோரத்தில் விட்டுவிடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. நோய் தெய்வத்தின் சினம் என்ற அச்சத்தில், பெற்ற பிள்ளையையும் சிலர் விட்டுச் சென்றனர். முந்தைய ஆண்டளவில் கோவாவிலிருந்து வந்துசேர்ந்திருந்த மருமகனான யோசவ் கார்வாலியோ அடிகளாரோடு வாஸ் அடிகளார் நகரிலேயே தங்கினார். கைவிடப்பட்டவர்களுக்குக் குடில்கள் அமைத்தும், வெறுமையாய்க் கிடந்த வீடுகளுக்குள் அவர்களைச் சேர்த்தும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்தும், புண்களைக் கழுவியும், இறந்தவர்களைத் தம் கைகளாலேயே அடக்கம் செய்தும் அவ்விருவரும் உழைத்ததை ஒறற்றோரியரின் கடிதங்கள் கூறுகின்றன. நோயாளி எந்த மதத்தவர் என்று அவர்கள் கேட்கவில்லை. கத்தோலிக்கரின் வீடு என்றால் ஒதுங்கிச் சென்ற அயலவர், அதன்பின் அவ்வீடுகளின் வாசலில் நிற்கத் தயங்கவில்லை. வீட்டுச் சபைகள் கண்டிச் சமூகத்துக்குள் வேர்விட்டது போதனையைவிட இந்த மாதங்களால்தான் என்று துணிந்து கூறலாம்.

பின்வந்த குருக்களுள் மொழியால் மிகப் பெரும் பணி செய்தவர், 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார். கோவாவின் திவார் தீவில் 1676இல் பிறந்த இவர் சிங்களத்திலும் தமிழிலும் புலமை பெற்று, அண்ணாவியார் கையில் கொடுக்கத் தக்க நூல்களை இரு மொழிகளிலும் இயற்றினார். குரு இல்லாத ஞாயிறுகளில் ஓர் ஊரார் கூடும்போது செபமாலைக்கு மேல் வேறென்ன செய்வது என்ற நடைமுறைக் கேள்விக்கு அவருடைய நூல்களே விடையாயின. கிறிஸ்துவின் பாடுகளைச் சிந்திக்கும் அவருடைய வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் வட இலங்கையின் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் உருக்கமான இராகத்தில் வாசிக்கப்பட்டு வந்தது. எழுத்தறியாத முதியவர்களுக்கும் அதன் பகுதிகள் மனப்பாடம். அச்சுக்கூடம் ஒல்லாந்தர் வசம் இருந்த நாட்டில் இந்நூல்கள் ஓலையில் படியெடுக்கப்பட்டே பரவின. ஓர் ஏடு ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால், அங்கே ஒரு போதகர் நிலையாகத் தங்கியதற்கு அது சமமாயிற்று. ஆயினும் கொன்சால்வெஸின் சிங்கள நூல்கள் சில பௌத்தத்தைக் கண்டிக்கும் தொனியில் அமைந்தன. வாஸ் அடிகளாரின் பணிக்கு இடமளித்த பொறுமையை இவை சோதித்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதன் விலையைச் செலுத்தியவர்கள் அடுத்த தலைமுறைக் குடும்பங்கள்.

வாஸ் அடிகளார் 1711 ஜனவரி 16ஆம் திகதி, 59ஆவது வயதில், கண்டியில் காலமானார். 24 ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் கோவாவுக்குத் திரும்பவில்லை. அவரை அடக்கம் செய்த ஆலயம் பின்னர் அழிந்து, கல்லறை இருந்த இடமும் மறைந்துபோயிற்று. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995 ஜனவரி 21ஆம் திகதி கொழும்பில் அவரை முத்திப்பேறு பெற்றவராகவும், திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14ஆம் திகதி காலி முகத்திடலில் புனிதராகவும் அறிவித்தனர். இலங்கையின் முதற் புனிதர் என்று அவர் போற்றப்படுகிறார். அந்தப் போற்றுதல் முற்றிலும் தகும். எனினும், அவருக்குக் கதவு திறந்த வீட்டுக்காரர்கள், ஏட்டை ஒளித்து வைத்த அண்ணாவிமார், இரவில் காட்டோரத்தில் காத்து நின்ற இளைஞர்கள் ஆகியோரின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை என்பதும், அவர்களின்றி அவருடைய பணி ஒரு நாள்கூட நிலைத்திருக்காது என்பதும் வரலாறு எழுதுவோர் மறக்கக்கூடாதவை.

அவர் அமைத்ததன் உறுதி, அவர் மறைந்த முப்பது ஆண்டுகளில் சோதிக்கப்பட்டது. விமலதர்மசூரியனின் மகன் நரேந்திரசிங்கன் 1739இல் வாரிசின்றி இறக்க, அவனுடைய நாயக்கர் குல அரசியின் சகோதரன் ஸ்ரீ விஜய இராஜசிங்கன் அரியணை ஏறினான். தென்னிந்தியாவிலிருந்து வந்த புதிய வம்சத்துக்கு நாட்டின் பௌத்தத் தலைவர்களின் ஆதரவு இன்றியமையாததாயிருந்தது; வெலிவிட்ட சரணங்கர தேரரின் தலைமையில் பௌத்த மறுமலர்ச்சியும் வலுப்பெற்று வந்தது. 1740களில் கண்டி இராச்சியத்தின் கத்தோலிக்க ஆலயங்கள் அழிக்கப்பட்டன, குருமார் வெளியேற்றப்பட்டனர். கொன்சால்வெஸ் அதற்கு முன்பே, 1742 ஜூலையில், போலவத்தையில் காலமாகியிருந்தார். ஒரு காலத்தில் ஒல்லாந்தருக்கு அஞ்சி மலைநாட்டுக்கு ஓடிய குருமார், இப்போது மலைநாட்டிலிருந்து ஒல்லாந்தரின் எல்லைக்குள் ஒதுங்க நேர்ந்தது. அங்கே தடைச் சட்டம் ஏட்டில் இருந்தபோதிலும், நடைமுறையில் அதன் பிடி தளர்ந்து வந்தது.

ஆலயங்கள் போயின, ஆனால் அச்சபைகள் ஆலயத்தில் பிறந்தவையல்ல. தலைநகரில் கத்தோலிக்கர் குறைந்து சிதறியபோதிலும், வஹகோட்டை போன்ற ஒதுக்குப்புறக் கிராமங்களில் மூப்பரும் அண்ணாவியாரும் தம் பணியை விடவில்லை; எப்போதாவது வன்னிப் பக்கமிருந்தோ கரையோரத்திலிருந்தோ ஒரு குரு வந்து போவார், அவர் போனபின் வீட்டுச் செபம் தொடரும். கரையோரத்தில் ஆங்கிலேய ஆளுநர் தோமஸ் மெயிற்லன்ட் 1806இல் கத்தோலிக்கர் மீதான ஒல்லாந்தக் காலத் தடைகளை நீக்கினார். 1815 மார்ச் 2ஆம் திகதிய ஒப்பந்தத்தோடு கண்டியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. சில்வெஸ்திரின் பெனடிக்ற் சபைத் துறவியர் 1845 முதல் இலங்கைக்கு வந்து, பின்னர் கண்டிப் பகுதியைப் பொறுப்பேற்றனர். 1886இல் கண்டி தனி மறைமாவட்டமாகி, கிளெமென்ற் பக்னானி அதன் முதல் ஆயரானார். அவர்களுக்குக் கிடைத்தது வெற்றுநிலம் அன்று. வஹகோட்டையின் புனித அந்தோனியார் திருத்தலத்தில் இன்றும் ஆண்டுதோறும் ஜூன் மாதத் திருவிழாவுக்குச் சிங்களவரும் தமிழரும் ஆயிரக்கணக்கில் கூடுகின்றனர். அவ்வூர்க் குடும்பங்களுட் சில போர்த்துக்கேயப் பெயர்களை இன்னும் வழங்குகின்றன.

கண்டிக்குப் புரட்டஸ்தாந்துப் பணியாளர் வந்தது இதற்குள்ளாகவே: திருச்சபை மிஷனரிச் சங்கத்தின் சாமுவேல் லாம்ப்ரிக் 1818இல் நகரை அடைந்தார். பாடசாலையும் பிரசங்க மேடையும் அரச ஆதரவும் கொண்டு தொடங்கிய அப்பணி, மலைகள் கோப்பித் தோட்டங்களான பின்னர், 1850களில், திருநெல்வேலியிலிருந்து வந்த தமிழ் உபதேசியார்களின் வழியாகத் தொழிலாளரின் லயன் அறைகளுக்குள் நுழைந்து, அங்கே மீண்டும் வீட்டுச் சபையின் வடிவத்தையே எடுக்க வேண்டியிருந்தது. அந்த உபதேசியார்களும், அவர்களை வரவேற்றும் விரட்டியும் நின்ற தோட்டத்துரைமாரும் கங்காணிமாரும் அடுத்த அத்தியாயத்துக்கு உரியவர்கள்.